நாக்கடிப் பஞ்சு

அவளுடைய பஞ்சில்தான் கோளாறு. பயந்தால் எச்சிலில் கூடுகிற கார்டிசால் என்ற சுரப்பும் பதற்றக் கேள்வித்தாளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிற அந்த ஆய்வகத்தில், ஒப்பிட்டுப் பார்க்கப் பதற்றமே இல்லாத ஒரு ஆள் தேவை. டெக்னீஷியனான அவள் வழக்கம்போலத் தன் நாக்கடியில் பஞ்சை வைத்து எடுத்துவிடுவாள். எல்லோரும் அவளைக் 'கல்லு' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது நாளாகக் கல்லுவின் அளவு மட்டும் ஐந்து மடங்கு.

"மெஷின் மக்கர் பண்ணுது மேடம்."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல எதாவது பிரச்சினையாம்மா?"

"ஒண்ணும் இல்லையே. ஆஸ்பத்திரில கைவிட்ட என் பொண்ணு பாப்பாவே பிழைச்சு வீட்டுக்கு வந்து இருபது நாளாச்சு. வேறென்ன வேணும்?"

சொல்லும்போது சந்தோஷம் வரவில்லை. பயமும் வரவில்லை. கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தாள்.

பயம் எச்சிலுக்கு வந்துசேர இருபது நிமிஷமாகும். வீட்டில் எந்த இடத்தில் அளவு ஏறுகிறது என்று பார்க்க, ஞாயிறு மத்தியானம் ஹாலில் இருபது நிமிஷம், சமையலறையில் இருபது நிமிஷம் என்று உட்கார்ந்து பஞ்சு எடுத்தாள். கடைசியாகப் பாப்பாவின் அறை. மருந்து வாடை இன்னும் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பாப்பா, ஒரே கோட்டின்மேல் ஒரே பென்சிலால், தாள் கிழிந்து மேஜை தெரிந்த பிறகும் கரகரவென்று இழுத்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் அளந்தாள். ஹாலும் சமையலறையும் சாதாரணம். பாப்பாவின் அறைப் பஞ்சு மெஷினின் உச்ச அளவையும் தாண்டியதால் அளக்கவே முடியவில்லை.

அந்த அறையில் என்னவோ இருக்கிறது, குழந்தை தனியாக அதோடு கிடக்கிறாளே என்று அவளுக்குத் தோன்றியது. பாப்பா எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும். மறுநாள் காலை பாப்பாவின் நாக்கடியிலும் பஞ்சு வைத்து எடுத்துப் போனாள்.

பூஜ்யம்.

"தண்ணில முக்கி எடுத்தியா கல்லு?" என்று மேடம் சிரித்தார்.

மெஷினில் மூன்று தடவை ஓட்டினாள். பூஜ்யம். தூங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் இருக்கும். சாகக் கிடக்கிறவர்களுக்கும் இருக்கும். உயிர் இருந்தால் இருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். போகாமல் எங்கே போவது? பாப்பா அறை வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் புதுப் பஞ்சு.

"இப்ப நான் வெக்கிறேன். வாயைத் தொறம்மா."

பயமாக இருக்கிறதா? இல்லை. கை நடுங்குகிறதா? இல்லை.

வாயைத் திறந்தாள்.

பஞ்சு நாக்கடிக்குப் போனது. பின்னாலேயே விரல். சில்லென்று. பஞ்சு நனைந்து ஊறிய பிறகும் விரல் வெளியே வரவில்லை.

"இருபது நிமிஷம்மா" என்றாள் பாப்பா.