குறிப்பில்லாத பக்கம்

துணையேட்டில் இன்னும் பதினொரு சொற்களுக்குத்தான் குறிப்பு மிச்சம் இருந்தது. அவையும் மறைந்து, கடைசியாக ஒரு பக்கமும் வாசித்துவிட்டால் முப்பிடாதி ஜப்பானில் நகோயா மருத்துவமனையில் செவிலியர். வேறு தேர்வு, நேர்காணல் எதுவும் கிடையாது. ஏடு சொன்னால் சொன்னதுதான்.

அற்புதமான பொருள் அது. ஜப்பானிய மொழி கற்றுத்தரும் மின்திரை, தாளைப் போல மெல்லியது. ஜப்பானியச் சொல் ஒவ்வொன்றின் தலைமேலும் பொடி எழுத்தில் உச்சரிப்பு, காலடியில் தமிழில் பொருள். மேலே ‘குசுரி’, கீழே ‘மருந்து’. இத்தனையைச் சுமந்தும் வரிகளின் இடைவெளி இம்மி பிசகாது. அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனமும் உண்டு. ஒரு சொல்லை மூன்று முறை தடுமாறாமல் வாசித்துவிட்டால், இனி உனக்கு இது வேண்டாம் என்று குறிப்பை அதுவே எடுத்துவிடும். இதைச் செய்தவர்களுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

ஆனால் அவர்கள் பாளையங்கோட்டைப் பயிற்சி விடுதியைப் பார்த்ததில்லை. அறைக்கு மூன்று பேர், ஆளுக்கொரு ஏடு. ஹமீதாவும் எஸ்தரும் தங்கள் ஏட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஜப்பானுக்குப் போகும்போது புதுசாக இருக்க வேண்டாமா? மூவரும் முப்பிடாதியின் கட்டிலில் குப்புறப் படுத்து, அவளுடைய ஏட்டையே சேர்ந்து வாசித்தார்கள். மருந்துப் பெயர் வந்தால் ஹமீதா முந்திக்கொள்வாள். உடல் உறுப்புகள் எஸ்தருக்கு. வயதானவர்களிடம் பேசும் பணிவான பேச்சு முப்பிடாதிக்கு. ஏடு தடுமாற்றத்தை மட்டுமே கவனிக்கும், யார் குரல் என்று பார்க்காது.

சனிக்கிழமை மாலை கடைசிக் குறிப்பும் மறைந்தது. ‘எங்கள் வாசகர்களில் உங்களுக்கே முதலிடம். தனி அறையில் ஒரு பக்கம் வாசித்தால் பணி அனுமதி உங்களுக்கு’ என்றது ஏடு.

“பொறவு என்னட்டி? போயி வாசி!” என்று எஸ்தர் அவளைத் தள்ளிவிட்டாள்.

முதல் வரி வணக்கமும் நலம் விசாரிப்பும். முப்பிடாதி பாடுவது போல வாசித்தாள். இரண்டாவது வரியில் ஒரு மருந்தின் பெயர். தலைமேல் ஒன்றுமில்லை, காலடியிலும் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஹமீதாவும் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அது ஒரு நோயாளிக்கு எதை, எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்ற சீட்டு. அவளுக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

ஏடு காத்திருந்தது. பிறகு ஒரு குறிப்பைத் திருப்பிக் கொடுத்தது. பத்துக் கொடுத்தது. அவள் திணறத் திணறப் பக்கம் முழுவதும் பொடி எழுத்தால் நிறைந்தது. செவிலியருக்காகச் செய்த ஏடு அல்லவா? நன்றாகப் பேசிய ஒருவருக்குத் திடீரென்று சொற்கள் காணாமல் போனால் என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியும்.

‘பயப்படாதீர்கள். உங்கள் மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். ஆம்புலன்ஸ் வருகிறது. குணமாகும் வரை அனுமதி நிறுத்தப்படுகிறது.’

முப்பிடாதி வெளியே ஓடிவந்து அழுதாள். “இதுக்கு எப்படிட்டி நான் கொணமாவேன்?” ஹமீதாவும் எஸ்தரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

ஒன்பதாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அந்த வேகத்தையும் பாராட்டத்தான் வேண்டும். ஸ்ட்ரெச்சரோடு இறங்கியவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல பேஷண்டு யாரும்மா?”

முப்பிடாதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “மூணு பேரும் சேந்துதாண்ணே.”