பூமாலை திறந்த தண்ணீர்

மணலூர்பேட்டை ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நிறுத்திச் சத்தியம் கேட்டாலும் சரி, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கள்ளக்குறிச்சியில் அந்த நீச்சல் கட்டடத்தைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்கார துரை. வெயில் தாங்காத தன் மனைவிக்காகக் கட்டினார். அந்த அம்மாள் முதல் நாளே தொட்டியில் ஒரு தவளையைப் பார்த்துவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினாள். துரையும் பின்னாலேயே போனார். மிஞ்சிய தண்ணீரில் ஊர் குளித்தது.

காவலாளி பூமாலைக்கு ஒரே விதிதான். உள்ளே போகிறவர் செருப்பை வாசற்படியில் விட வேண்டும். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். தொட்டியை வடித்துக் கழுவிய பிறகு படியைப் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பார். அறுந்த ஒற்றைச் செருப்பு அனாதையாகக் கிடந்தாலும் அன்று ஊருக்குக் குளியல் கிடையாது.

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டு மறியல் வந்தது. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பூமாலை தொட்டியை வடித்துவிட்டு வீட்டில் இருந்தார். மறியல் அடங்கிய காலையில் அவர் மனைவியின் தம்பி தனசேகரன் வந்து கூட்டிப்போனான்.

“தண்ணிய வுடு மாமா. ஜனம் அழுக்கோட சுத்திக்கினு கீது.”

“உள்ள யாராச்சும் கீறாங்களா?”

“படியத்தான் பாரேன். உன் சட்டம் எனக்குத் தெரியாதா?”

படி வெறுமையாக இருந்தது. பூமாலை குழாயைத் திறந்தார்.

தொட்டியின் அடியில் வடிநீர்ப் பள்ளம் ஒன்று உண்டு. ஓர் ஆள் குந்தி உட்காரலாம். மேலே இரும்பு மூடி. தண்ணீர் இடுப்பளவு ஏறியபோது அந்த மூடி தட்டப்பட்டது.

டொக். டொக்.

“குழாய்ல காத்து மாமா,” என்றான் தனசேகரன்.

கொஞ்ச நேரத்தில் காற்று அடங்கிவிட்டது.

அடுத்த வாரம் டீக்கடையில் பேச்சு அடிபட்டது. தனசேகரனோடு மரம் வெட்டிய வேடியப்பனைக் காணோம். போலீஸ் தேடி வந்தபோது அவனை எங்கேயோ ஒளித்துவைத்தது தனசேகரன்தானாம். போலீஸிடம் தனசேகரனைக் காட்டிக்கொடுக்கக் கூடிய ஒரே ஆளும் வேடியப்பன்தான்.

பூமாலை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

உச்சிவெயில். தொட்டி வடிந்துகொண்டிருந்தது. சேறும் நாள்பட்ட ஈரத்துணியும் கலந்த வாடை சுவரெல்லாம் ஏறியது. அவர் மூடியைப் புரட்டினார்.

பள்ளம் காலி.

நிமிர்ந்தால், வாசலில் தனசேகரன்.

“மச்சான், அவன் செருப்ப எடுத்தியா?”

“போலீஸ் பாத்துடும்னு எடுத்தேன் மாமா.”

“அப்புறம் இன்னாத்துக்குடா தண்ணி வுடச் சொன்ன?”

தனசேகரன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“என் வூட்டு சோறு துன்னவன்டா நீ. என் கையாலயே செய்ய வெச்சிட்டியேடா.”

அப்போதுதான் பள்ளத்தின் விளிம்பில் ஓர் ஈரக் காலடி விழுந்தது.

வெறுங்கால். ஐந்து விரலும் பதிந்திருந்தன. காலைக் காணோம்.

இன்னொன்று. தொட்டியின் படிகளில் ஏறியது. பூமாலையின் பக்கத்தில் வந்து சற்று நின்றது. குளிர்ந்த மூச்சு ஒன்று அவர் காதோரம் பட்டது; ஏதோ கேட்க வந்து வேண்டாமென்று விட்டதுபோல. பிறகு வாசலை நோக்கி நடந்தது.

“மாமா,” தனசேகரன் கிசுகிசுத்தான். “யாரோ என் கையப் புடிச்சிக்கினு கீறாங்க.”

பக்கத்தில் யாருமில்லை. அவன் மணிக்கட்டில் விரல்கள் அழுந்திய பள்ளம் மட்டும் தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அன்றோடு கட்டடத்தைப் பூட்டினார்கள். தனசேகரனின் வலக்கை அதற்குப் பிறகு காயவே இல்லை. சித்திரை வெயிலில் துண்டால் துடைத்துக்கொண்டே நடந்தான். பூமாலை சாகும்வரை அவனோடு பேசவில்லை. சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்தத் தொட்டியின் இரும்பு மூடி, உச்சிவேளையில், கீழிருந்து இன்னும் தட்டப்படுகிறது.

வேடியப்பன் மறியலின் முதல் நாளே சுவரேறிக் குதித்து மலைக்கு ஓடிவிட்டார். இன்றைக்கும் கரியாலூரில் சாமை விதைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். அப்படியானால் மூடியைத் தட்டுவது யார் என்று அவருக்கும் தெரியாதாம்.