மேலேறிய எண்ணெய்

விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் கொஞ்ச தூரம் போனால் இடது கைப்பக்கம் ஒரு மண் பாதை பிரியும். பெயர்ப் பலகையை யாரோ எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் முழுசாக ஏறுவதற்கு முன்னால், வசுந்தராவின் ஸ்கூட்டி அந்தப் பாதையில் குலுங்கிக்கொண்டு போனது. சீமைக் கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு சிமென்ட் ஓடுதளம், ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம் ஒன்று. ஒரு காலத்தில் இங்கே பிள்ளைகள் விமானம் ஓட்டப் படித்தார்கள். இப்போது ஓடுதளத்தில் ஆடுகள் ஓடிப் பழகுகின்றன.

வசுந்தரா விமானப் பராமரிப்பு இன்ஜினியர். இந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமம் அவளுக்கு உண்டு. பள்ளியை மூடியவர்கள் மிச்சமிருந்த இந்த ஒன்றைச் சேலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு விற்றுவிட்டார்கள். ஓட்டிக்கொண்டு போகப்போவது அவள் மகள் காவ்யஸ்ரீ. அந்தப் பள்ளியிலேயே காவ்யாவுக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்திருக்கிறது. நாளை திங்கட்கிழமை, விமானத்தோடு அவள் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறது.

கணவர் துளசிராம் காலமான பிறகு, கே.கே. நகர் வீட்டில் தாய்மொழியான சௌராஷ்டிரத்தில் பேச வசுந்தராவுக்கு மகளை விட்டால் ஆள் கிடையாது. இன்று ராத்திரியிலிருந்து அதுவும் இல்லை. இதை அவள் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் போகமாட்டாளோ என்று பயம். சொல்லாவிட்டால் போய்விடுவாளே என்றும் பயம்.

இன்ஜினை ஓட்டாமல் போட்டுவைத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீலெல்லாம் காய்ந்து சுருங்கிவிடும். மறுபடி ஓட்டினால் கண்ட இடத்தில் எண்ணெய் கசியும். வசுந்தரா ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் புதிது மாட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தபோது ஒரு சொட்டு இல்லை. இன்று கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

இன்ஜின் மூடியைத் திறந்தாள். புரொப்பெல்லருக்குப் பின்னால், இன்ஜினின் மூக்கு முழுக்க எண்ணெய்.

எண்ணெய்க் கசிவு வாய் கூசாமல் பொய் சொல்லும். காற்று அதைப் பின்னால் தள்ளும், கனம் கீழே இழுக்கும். நனைந்த இடம் ஒன்று, ஓட்டை வேறொன்று. நனைந்ததிலேயே எது முன்னால், எது மேலே என்று தேடிக்கொண்டு போனால்தான் திருடன் அகப்படுவான். இங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பது மூக்குதான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்ஜினை யாரும் ஓட்டவே இல்லை. ஓடாத இன்ஜினில் எண்ணெய் அடித்தட்டில் கிடக்கும். மூக்கு வரைக்கும் ஏறி வர அதற்கு என்ன காலா இருக்கிறது? விரலில் தொட்டு முகர்ந்தாள்.

நல்லெண்ணெய்.

“விருமாண்டிண்ணே!” என்று கத்தினாள்.

காவல்காரர் விருமாண்டி வேப்பமரத்தடியிலிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தார். உசிலம்பட்டிப் பக்கம் நிலம் நீச்சு உள்ள மனிதர். மகன்கள் விவசாயத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் இங்கே காவலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

“இன்ஜின்ல நல்லெண்ணெய ஊத்துனது யாருண்ணே?”

“ஊத்தலம்மா. வச்சேன்.”

“சாமி கும்பிடணும்னா வெளிய ஒரு சந்தனப் பொட்டு வச்சுட்டுப் போக வேண்டியதுதானே? இது தூசியப் பிடிக்கும். நெசமாவே கசிஞ்சா கண்ணுக்குத் தெரியாமப் போயிரும். ஓட்டப்போறது என் பொண்ணுண்ணே.”

விருமாண்டி கொட்டகைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சாமிக்கு இல்லம்மா. சுருளிக்கு.”

சுருளி இந்தப் பள்ளியில் மெக்கானிக்காக இருந்தவன். பள்ளியை மூடி எல்லோரும் போன பிறகும் அவன் போகவில்லை. போக வீடும் இல்லை. இறக்கைக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டு இங்கேயே இருந்தான். ஒருநாள் நெஞ்சு வலி வந்து செத்துப்போனான். நாற்றம் வந்த பிறகுதான் ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

“நான் ஊருக்குப் போயிருந்தேம்மா. வாரதுக்குள்ள வேன்ல தூக்கிப்போட்டுக் கொண்டுபோய் எரிச்சுப்புட்டாக. தலைக்கு எண்ண வைக்க ஒரு நாதி இல்ல. இந்த மூக்கக் கட்டிப் பிடிச்சாப்புலதான் கெடந்தானாம். அதான் சனிக்கெழம தவறாம இதுல வைக்கிறேன்.”

வசுந்தராவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வேலை வேலைதானே. “நான் தொடச்சிருவேண்ணே” என்றாள்.

“தொடைங்க. ஆனா நம்ம குடுக்கலைன்னா அவனா எடுத்துக்கிடுறான். ஒரு தடவ காச்சல்ல படுத்துட்டேன். வந்து பாத்தா இன்ஜின் எண்ண அம்புட்டும் வெளிய.”

அதற்கு வசுந்தரா சிரித்துவிட்டாள்.

இருவரும் விமானத்தை வாசலுக்குத் தள்ளி வந்தார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் கட்டினார்கள். வசுந்தரா பெட்ரோலில் நனைத்த துணியால் இன்ஜினைப் பளிச்சென்று துடைத்து, காய்ந்ததும் மேலெல்லாம் முகப் பவுடரைத் தூவினாள். எங்கே கசிந்தாலும் அந்த வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். உள்ளே ஏறி இன்ஜினை ஓட்டி, நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தாள். பவுடர் போட்டது போட்டபடி இருந்தது. எண்ணெய் அளவும் சரியாக இருந்தது.

“பாத்தீங்களாண்ணே?” என்றாள்.

விருமாண்டி நல்லெண்ணெய் பாட்டிலை வேலை மேசை மேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். “உச்சி வேளையில நான் இங்கன இருக்கிறதில்லம்மா. நீங்களும் வெளிய வந்து சாப்பிடுங்க.”

அவள் போகவில்லை. மகள் வருகிற நேரம். தகரக் கூரை வெயிலில் நெளிந்து நெளிந்து சத்தம் போட்டது. நாகமலைப் பக்கமிருந்து வந்த காற்று நின்றுபோனது. ஆடுகளின் சத்தமும் இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்கும் இப்படித்தான் தனியாகச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் மூடி வைத்துவிட்டாள்.

டொக்.

தகரம்தான் என்று நினைத்தாள்.

டொக்.

சிமென்டில் எண்ணெய் சொட்டுகிற சத்தம். இத்தனை வருஷ வேலையில் அது அவளுக்குத் தெரியாதா?

எழுந்து போய்ப் பார்த்தாள். வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு. நல்லெண்ணெய் இல்லை, இன்ஜினின் சொந்த எண்ணெய். கசிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று வழக்கம்போல மேலேயும் முன்னாலேயும் தேடினாள். கோடு அங்கே ஆரம்பிக்கவில்லை. அடித்தட்டில் ஆரம்பித்திருந்தது.

அங்கிருந்து மேலே போயிருந்தது.

சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு, முன்னோக்கி, மூக்கை நோக்கி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பவுடர் இன்னும் ஒரு விரல்கடை நனைந்தது.

அப்போதும் அவள் இன்ஜினியராகத்தான் நடந்துகொண்டாள். இன்ஜின் மூச்சு விடும் குழாயில் குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைப் பிதுக்கும். கம்பியை விட்டுப் பார்த்தாள், அடைப்பு இல்லை. அடித்தட்டின் திருகு இறுக்கமாக இருந்தது. குழாய்கள், கேஸ்கெட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அளவுக் கம்பியை உருவினாள். பாதி எண்ணெயைக் காணோம். தரையில் கிடந்ததோ சில சொட்டுகள்தான்.

மீதி எங்கே போனது?

“அம்மா?”

வசுந்தரா அலறிவிட்டாள். வாசலில் பையோடு காவ்யஸ்ரீ நின்றிருந்தாள்.

“இன்னைக்கு வேண்டாம் காவ்யா. கசியுது.”

மகள் பையைத் தொப்பென்று கீழே போட்டாள். “எனக்கு வேலை கெடைச்ச நாள்லேர்ந்து தெனம் ஒரு கசிவு கண்டுபிடிக்கிற. நெசமா சொல்லும்மா, கசியுறது இன்ஜினா, நீயா?”

மகள் சொன்னது பொய் என்று வசுந்தராவால் சத்தியம் செய்ய முடியாது. இந்த விமானம் போகக் கூடாது என்று ராத்திரியெல்லாம் நினைத்தவள்தானே அவளும். அந்தக் கொட்டகையில் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது தான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“போ, ஓடுதளத்துல ஆடு ஏதும் நிக்குதான்னு பாத்துட்டு வா. அதுக்குள்ள சரி பண்ணிர்றேன்” என்றாள்.

மகள் தலை மறைந்ததும் மேசையிலிருந்த பாட்டிலை எடுத்தாள். உள்ளங்கையில் நல்லெண்ணெயை ஊற்றி, இன்ஜினின் மூக்கில் வைத்து, மெல்லத் தேய்த்தாள்.

“என் பிள்ளைய விட்டுரு. அவ போகட்டும்” என்றாள். “நான் இருக்கேன்.”

கையின் கீழே உலோகம் குளிர்ந்துகொண்டே வந்தது. அந்த வெயிலில்.

எண்ணெயை நிரப்பி, இன்ஜின் முழுவதையும் மறுபடி துடைத்து, புதுப் பவுடர் தூவி, நெடுநேரம் முழு வேகத்தில் ஓட்டினாள். பவுடரில் ஒரு புள்ளி விழவில்லை. அப்படியும் மனசு கேட்காமல், மகளை ஓடுதளத்துக்கு மேலேயே வட்டமடித்து இறங்கச் சொல்லி மூடியைத் திறந்து பார்த்தாள். பிறந்த குழந்தைக்குப் பவுடர் போட்டதுபோல வெள்ளையாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

காவ்யஸ்ரீ அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “கோவத்துல சொல்லிட்டேம்மா. வாராவாரம் வாரேன்.”

“வா” என்றாள் வசுந்தரா. அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள்.

விமானம் சிறுமலைப் பக்கம் சிறுத்துக் கரைந்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. காலிக் கொட்டகைக்குள் ஸ்டூலைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தீர்ந்த இன்ஜின் எப்படி இறுகி நின்றுபோகும், எந்த மலைக்கு மேலே நிற்கும் என்றே மனசு ஓடியது. இதுவரை கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் போன் அடித்தது.

“எறங்கிட்டேம்மா. மூடியத் தெறந்து பாத்தேன், ஒரு சொட்டு இல்ல! நீ வீட்டுக்குப் போயிட்டியா?”

“கெளம்பிக்கிட்டே இருக்கேன்.”

“சாப்பிடும்மா. தனியா உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருக்காத.”

போனை வைத்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை வந்தது. மகள் பிழைத்தாள் என்ற சந்தோஷமும், இனி யாருமில்லை என்ற துக்கமும் ஒன்றாகத்தான் வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

எழ முடியவில்லை.

யாரும் அவளைப் பிடித்து அமுக்கவில்லை. தலையில் ஏதோ கனத்தது.

உச்சந்தலை சில்லென்று நனைந்தது. வகிட்டு வழியாக வழிந்து நெற்றிக்கு இறங்கியது. நல்லெண்ணெய் வாசம் இல்லை. சூடேறிக் கறுத்த இன்ஜின் எண்ணெயின் வாசம். பின்னால் மூச்சுச் சத்தம் கூட இல்லை. யாரோ அவள் தலையில், பாசமாக, அவசரமே இல்லாமல் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையை ஒருவர் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் கையின் விரல் முட்டுகள் அவள் மண்டையில் உரசுவது தெரிந்தது.

புறங்கையால் வைத்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு யாரும் அப்படி எண்ணெய் வைப்பதில்லை.