மணிக்கு இருபதில் ஒரு திருடன்!

போன் அலறியது!

பிரியந்தன் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. தலையும் இரண்டு கைகளும் ஒரு வேனின் டேஷ்போர்டுக்குள் இருந்தன. பல்லுக்கிடையில் ஸ்க்ரூ டிரைவர் வேறு.

மறுபடி அலறியது.

மறுபடி...

நான்காவது தடவை தலையை உருவினான். உருவும்போது நெற்றி இடித்தது. ஸ்க்ரூ டிரைவர் விழுந்தது.

"ஹலோ..."

"தம்பீ! என்ட கார் போச்சு!"

ரவூப் ஹாஜியார். மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் மொத்த வியாபாரம். நேற்றுத்தான் பிரியந்தனின் கடையிலிருந்து காரை எடுத்துப் போனவர்.

"எங்க போச்சு ஹாஜியார்?"

"எங்க போச்சுன்னு தெரிஞ்சா உனக்கு ஏன்டா போன் எடுக்கிறேன்! ஜும்ஆவுக்கு நடந்து போனேன்... தொழுதுட்டு வந்தேன்... வாசல் காலி!"

"சாவி?"

"சாவி என்ட பாக்கெட்டுல இருக்கு!"

விழுந்த ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக் குனிந்த பிரியந்தன் அப்படியே நின்றான்.

ஏனென்றால்... அந்தக் காரை சாவியில்லாமலும் கிளப்பலாம். கிளப்ப வைத்ததே அவன்தான்!

"ஹாஜியார்... அந்த நாலு நம்பர்... வேற யாருக்கும் சொன்னீங்களா?"

"அல்லாஹ் மேல ஆணை! எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்." ஹாஜியார் ஒரு கணம் நிறுத்தினார். "அதையேதான் பக்கத்துல நிக்கிற இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொன்னேன்."

தொடர்பு அறுந்தது.

கதை போன சனிக்கிழமை ஆரம்பித்தது.

ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வெள்ளைக் கார். கப்பலேறி வந்து ஹாஜியார் கைக்குச் சேர்ந்தது. கார் தங்கம். கூட வந்த நெவிகேஷன்தான் தலைவலி! பேசுவது ஜப்பான் மொழி. காட்டுவது ஜப்பான் வரைபடம். மாத்தளை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றாலும், கார் கடலுக்குள் நிற்பதாக அடித்துச் சொல்லும்.

"காலையில ஒருத்தி ஏதோ சொல்றா... ராத்திரி ஒருத்தி ஏதோ சொல்றா... ஏசுறாளா, வாழ்த்துறாளான்னும் தெரியல்ல. கழட்டி வீசு தம்பி!"

பிரியந்தன் கழற்றினான். கழற்றுமுன் 'வீடு' என்ற பட்டனை அழுத்திப் பார்த்தான். எங்கோ ஜப்பானில் ஒரு தெரு வந்தது. முந்தின சொந்தக்காரரின் முகவரி!

"பாருங்க ஹாஜியார்... காரை வித்தவன் வீட்டு அட்ரஸை அழிக்காம வித்திருக்கான். என்னா மறதி!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரித்தது ஞாபகமிருக்கட்டும்.

பிறகு வேலை. பிஸ்கட் பாக்கெட் அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஏழு அங்குலத் திரை. கண்ணாடிக்கு அடியில் ஜி.பி.எஸ். உள்ளே ஒரு சிம். கார் எங்கே நிற்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கொருமுறை சொல்லும். சாவியைத் தேடி ஹாஜியார் தினமும் வீட்டைத் தலைகீழாக்குவாராம். அதற்காக நான்கு எண்களை அழுத்தினால் எஞ்சின் ஓடும்படி ஒரு வசதி.

வழி சொல்ல? பிரியந்தனின் மனைவி டிலுக்ஷியின் குரல்! உக்குவளை வீட்டுச் சமையலறையில், குக்கர் விசில் அடிக்காத நேரமாகப் பார்த்துப் பதிந்தது.

'இடது பக்கம் திரும்புங்க.'

திரும்பாவிட்டால்... 'சொன்னா கேளுங்க! திரும்புங்கன்னேன்!'

மூன்று நாள் அந்தக் காரிலேயே வீட்டுக்குப் போய் வந்து சோதித்தான். பாஸ்!

இப்போது... கடை வாசலில் பொலிஸ் ஜீப்.

இன்ஸ்பெக்டர் மேர்வின் இறங்கினார். மீசை பெரிசு. குரல் சின்னது. அதுதான் பயமாக இருந்தது. ஜீப்பின் பின்சீட்டில் ஹாஜியார், தொப்பியைக் கழற்றாமலே கையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"நீதானே காருக்கு மூளை வச்சவன்?"

"ஆமாங்க சார்."

"நம்பர் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் பள்ளிவாசல்ல. சுத்திவர முந்நூறு பேர் சாட்சி. நீ?"

"வேனுக்குள்ள சார்."

"சாட்சி?"

"வேன்..."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை தம்பி. உள்ள போட்டா திங்கக்கிழமைதான் கோர்ட்."

பிரியந்தன் நாளை எண்ணிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மகள் ஷெனாலிக்கு தேவாலயத்தில் முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. நேற்று ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் ஒரு சுற்று சுற்றி, "அப்பா, முதல் பெஞ்சிலதான் இருக்கணும்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பா கம்பிக்குள் இருந்தால் பிள்ளை கோயிலில் யார் முகத்தைப் பார்க்கும்? நினைக்கவே அழுகை வந்தது.

"சார்! காரை நானே கண்டுபிடிச்சுத் தாறேன்! அது எங்க நிக்கிதுன்னு என் போன்ல பார்க்கலாம்!"

மேர்வின் மீசையைத் தடவினார்.

"அப்ப ஏறு. கார் கிடைச்சா நீ வீட்டுக்கு. கிடைக்கல்லன்னா எங்க வீட்டுக்கு."

ஜீப் பாய்ந்தது!

பிரியந்தனின் போனில் ஒரு சிவப்புப் புள்ளி. ரத்தோட்டை தாண்டி... ரிவர்ஸ்டன் ரோட்டில்... மேலே... மேலே...

"மலையேறுறான் சார்!"

"அந்தப் பக்கம் இறங்கி வில்கமுவ போயிட்டான்னா முடிஞ்சுது. என்னா ஸ்பீடு?"

பிரியந்தன் பார்த்தான். கண்ணைக் கசக்கி மறுபடி பார்த்தான்.

"இருபது சார்."

"நூத்தி இருபதா?"

"வெறும் இருபது. டவுன்ல பதினைஞ்சு. இப்பதான் கொஞ்சம் தைரியம் வந்திருக்கு."

"இவன் திருடனா... பிள்ளை வண்டி தள்ளுறவனா?"

"நிதானமான திருடன்!" என்று பின்னாலிருந்து ஹாஜியார் அலறினார். "பழகின கை! யா அல்லாஹ்... என்ட பொஞ்சாதிக்கு இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமைல தங்கச்சி பர்ஸானா வீட்டுக்கு ஓதப் போயிருவா. கேள்விப்பட்டா மயங்கி விழுந்துருவா. ரோட்டைக் கடக்கவே பயந்த மனுஷி!"

போனை எடுத்தார். பர்ஸானா வீட்டு இலக்கத்தை அழுத்தினார். கடையில் கணக்கப்பிள்ளைக்கு எடை சொல்லிச் சொல்லியே வந்த பழக்கம்... ஒவ்வொரு எண்ணையும் ஜீப் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

"பூச்சியம்... ஆறு... ஆறு... ரெண்டு..."

"மெதுவா ஹாஜியார்," என்றார் மேர்வின். "கண்டிக்கே கேக்குது."

"எடுக்கிறாங்க இல்ல. ஓதிட்டு இருப்பாங்க."

அப்போது...

புள்ளி மறைந்தது!

"என்னாச்சு?"

"மலை மேல சிக்னல் இல்ல சார். பனி வேற..."

"இங்கிருந்தே எஞ்சினை நிறுத்த முடியாதா?"

"அது அடுத்த மாசம் போடுறதா இருந்தேன் சார்."

மேர்வின் அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த மாசமே இல்லை.

ரத்தோட்டைச் சந்தியில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம். பத்து. இருபது. நாற்பது. தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாருக்கு பிரியந்தன் மனதுக்குள் மெழுகுவர்த்தி நேர்ந்தான். முதலில் ஒன்று. பிறகு ஒரு பெட்டி.

பளிச்!

"வந்துட்டுது சார்!"

"எங்க?"

"கீழ இறங்கி நம்மளைத் தாண்டிட்டான்! டவுனுக்குள்ள போகாம குறுக்கு ரோட்டால போறான்! ட்ராஃபிக் இல்லாத வழியா சொல்லணும்னு நான்தான் செட் பண்ணினேன்..."

"திருடனுக்கு நல்லா சேவகம் பண்ணியிருக்கே. திருப்புடா வண்டியை!"

டிரைவர் திருப்பினார். ஹாஜியார் ஒரு பக்கமும் தொப்பி மறு பக்கமும் உருண்டனர்.

புள்ளி போனது... ஜீப் துரத்தியது... புள்ளி போனது...

பிரியந்தனின் போன் திரையில் ஒரு பெயர் மின்னியது. டிலுக்ஷி!

"யாரு?"

"பொஞ்சாதி சார்."

"எடுக்காதே. கூட்டாளிக்குத் தகவல் சொல்லப் பார்க்கிறியா?"

"அவ ஏன் சார் கூட்டாளி..."

"காருக்குள்ள பேசுறதே அவ குரல்னு ஹாஜியார் சொன்னாரே? கட் பண்ணு."

பண்ணினான். மறுபடி வந்தது. மறுபடி பண்ணினான். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் செய்யாத துணிச்சல்!

"கார் நின்னுட்டுது சார்!"

"எங்க?"

"உக்குவளை..."

"உக்குவளையில எங்க?"

பிரியந்தன் வரைபடத்தைப் பெரிதாக்கினான். ரயில் பாதை... கடந்து ஒரு குறுகலான ஒழுங்கை... ஒழுங்கை முடிவில் ஒரு பலா மரம்...

அவன் போனைக் கவிழ்த்துப் பிடித்தான்.

"சொல்லு! யார் வீடு அது?"

"சார்..."

"யார் வீடுடா?"

"எங்க வீடு சார்."



மேர்வின் மெதுவாகக் கைவிலங்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குரல் இன்னும் சின்னதாயிற்று.

"கூட்டாளி காரைக் கொண்டுவந்து உன் வாசல்லயே விட்டுட்டான். நீயே எங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுறே. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு மரியாதையான திருடனை நான் பார்த்ததில்ல."

"பாவி!" ஹாஜியார் குமுறினார். "உன்னை மகன் மாதிரி நினைச்சேனே!"

"சத்தியமா எனக்குத் தெரியாது ஹாஜியார்!"

பலா மரத்தடியில் வெள்ளைக் கார் நின்றது. கீறல்கூட இல்லை. வலது சிக்னல் மட்டும் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

மேர்வின் பிஸ்டலில் கை வைத்தார். பூனை நடை நடந்தார். கதவை உதைத்தார்! கதவு சாத்தியிருக்கவில்லை. உதைத்த வேகத்தில் மனிதர் நேராகக் கூடத்துக்குள் போய்த்தான் நின்றார்.

"கையைத் தூக்கு!"

இரண்டு பெண்கள் கையைத் தூக்கினார்கள்.

ஒருத்தி டிலுக்ஷி. கையில் தேநீர்க் கேத்தல்.

மற்றவர்... முக்காடு போட்ட, தடித்த கண்ணாடி போட்ட, ஐம்பது கடந்த ஒரு பெண்மணி. கையில் பாதி கடித்த பட்டர் கேக்.

பின்னால் வந்த ஹாஜியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நூ... நூருன்னிஸா?"

அவருடைய மனைவி!

"கையை இறக்கலாமா?" என்றார் நூருன்னிஸா. "கேக் உதிருது."

"நீ இங்க எப்படி வந்தே?"

"கார்லதான்."

"யாரு ஓட்டினா?"

"கார்ல நான் மட்டும்தான் இருந்தேன்."

ஹாஜியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நூருன்னிஸா கைப்பையைத் திறந்து, ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"அஞ்சு வருஷமா வச்சிருக்கேன் சார். இவர்கிட்ட கார் ஓட்டப் பழகுறேன்னு கேட்டேன். 'நான் மௌத்தாகி, கண்ணை மூடின பிறகு ஓட்டு'ன்னார். அது வரைக்கும் காத்திருக்க எனக்கு மனசில்ல. நல்ல மனுஷன், நீண்ட காலம் இருக்கணும்! பழைய கார் இருந்த காலத்துல இருந்தே, ஜும்ஆ நேரத்துல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருவேன். தொழுது முடியிறதுக்குள்ள கார் வாசல்ல நிக்கும்."

"அப்ப ஓதப் போறது?"

"பர்ஸானா எனக்கும் சேர்த்து ஓதுறா."

"நம்பர்?" ஹாஜியார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அந்த நம்பரை நான் யாருக்கும் சொல்லல்லியே!"

"நேத்து வாசல்ல வச்சு நீங்க அழுத்தினப்போ எனக்குக் கேட்டுச்சு. பக்கத்து வீட்டு அபீபாவுக்கும் கேட்டுச்சு. காய்கறிக்காரனுக்கும் கேட்டிருக்கும்."

மேர்வின் கைவிலங்கைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டார்.

"முப்பது வருஷமா இடது பக்க சீட்டுல இருந்தே ரிவர்ஸ்டன் மலையைப் பார்த்தேன்," என்றார் நூருன்னிஸா. கேக்கைத் தட்டில் வைத்தார். "தமிழ்லயே வழி சொல்ற பொம்பிள வந்துட்டாளேன்னு ஒரு தைரியம். மேல போனேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் பனி மூடிச்சு. பயந்து, அரை மணித்தியாலம் ஓரமா நிறுத்தி வச்சிருந்தேன். பனி விலகினதும் திருப்பி, 'வீடு'ன்ற பட்டனை அழுத்தினேன். அவ சொன்ன பக்கமெல்லாம் திரும்பினேன். ஒரு இடத்துல சந்தேகப்பட்டேன்... 'சொன்னா கேளுங்க'ன்னு அதட்டினா. வாயை மூடிட்டு வந்தேன். பார்த்தா இந்த வாசல்! கார்ல பேசின அதே குரல், உள்ள இருந்து 'யாருங்க அது?'ன்னு கேட்டுட்டே வருது! எனக்கு உயிரே போயிட்டுது சார்."

"ஆன்ட்டி வந்த உடனே உங்களுக்கு எடுத்தேன்," டிலுக்ஷி பிரியந்தனை முறைத்தாள். "ரெண்டு தடவை கட் பண்ணினீங்க. அதை அப்புறம் பேசிக்கலாம்."

எல்லாரும் பிரியந்தனைப் பார்த்தார்கள்.

வீடு!

சோதித்துப் பார்த்த மூன்று நாளும் அவன் வந்து சேர்ந்தது இந்த வாசலுக்கு. 'வீடு' என்று அவன் பதிந்தது இந்த முகவரியை. ஜப்பான்காரனின் மறதியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன்... தன் வீட்டை அழிக்காமலே காரைக் கொடுத்துவிட்டான்!

"ஜப்பான்காரன் கேள்விப்பட்டா சிரிப்பான் தம்பி," என்றார் ஹாஜியார்.

உள்ளேயிருந்து வெள்ளைக் கவுனோடு ஷெனாலி ஓடி வந்தாள். பிரியந்தன் அவளைத் தூக்கி இறுக்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தப்பியது! அந்தோனியாருக்கு ஒரு பெட்டி மெழுகுவர்த்தி கடன்.

ஹாஜியார் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார். போன கௌரவத்தில் பாதியையாவது பொறுக்கியெடுக்க வேண்டுமே!

"சரி... நடந்தது நடந்துட்டுது. வா, வீட்டுக்குப் போவோம். நான் ஓட்டுறேன்."

சாவியை எடுக்க மறந்தவராய், பந்தாவாக வலது பக்கம் ஏறினார். திரையில் அழுத்தினார்.

"ஏழு... மூணு... ரெண்டு... ஒம்போது!"

'நம்பர் பிழைங்க,' என்றது டிலுக்ஷியின் குரல்.

மறுபடி அழுத்தினார். இன்னும் உரக்க.

'சொன்னா கேளுங்க! பிழைன்னேன்!'

"நம்பரை மாத்திட்டேன்," என்றார் நூருன்னிஸா. "எப்படி மாத்துறதுன்னு இந்தப் பிள்ளைதான் காட்டித் தந்துச்சு."

பிரியந்தன் மனைவியைப் பார்த்தான். மனைவி பலா மரத்தைப் பார்த்தாள்.

"சாவி இருக்குதானே!" ஹாஜியார் ஞாபகம் வந்து பாக்கெட்டைத் தடவினார். வலது பாக்கெட்... இடது பாக்கெட்... மேல் பாக்கெட். ஜீப்பில் உருண்டபோது எங்கேயோ விழுந்திருந்தது. வழக்கம்போல!

மௌனமாக இறங்கினார். மௌனமாகச் சுற்றி வந்தார். இடது பக்கம் ஏறினார்.

நூருன்னிஸா ஏறி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, நான்கு எண்களை அழுத்தினார்.

வாயைத் திறக்காமல்!

எஞ்சின் உறுமியது.

மேர்வின் ஜன்னலருகே குனிந்தார். கையில் புகார்க் கடதாசி.

"ஹாஜியார்... இதைக் கிழிச்சுப் போடவா? இல்ல... 'காரைக் காணல்ல'ங்கிறதை வெட்டிட்டு, 'ஸ்டியரிங்கைக் காணல்ல'ன்னு மாத்தி எழுதவா?"