பெயர் வெட்டப்பட்ட நாற்பத்தொரு பிரதிகள்

சுரங்கம் மூடியதும் ஜப்பானின் க்யூஷூ தீவிலிருந்த அந்த ஊரில் நாடகக் கொட்டகையும் மூடிப்போனது. அதன் முன்கட்டில் தொமியே முடிதிருத்தும் கடை நடத்திவந்தாள். மழை ஓயாத ஒரு மதியம், ரித்சுகோ அங்கே போய் நின்றாள்.

"முடி வெட்டணுமா?"

"இல்லங்க. இதைப் பாருங்க."

பையிலிருந்து எடுத்தது கபுகி என்ற மரபு நாடகத்தின் கையெழுத்துப் பிரதி. இப்படி நாற்பத்தொன்று அவள் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் இருந்தன. எல்லாம் ஒரே கை. கடைசித் தாளில் 'இது இன்னாருக்குச் சொந்தம்' என்ற வரி. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கத்தியால் வெட்டிய ஓட்டை.

அந்தப் பெயரைத் தேடி இரண்டு வருட அலைச்சல். ஒசாகா நகரத்துப் பழைய புத்தகக்காரர் கோபே நகரத்துக்காரரைக் கைகாட்டினார். கோபேக்காரர் ஒசாகாக்காரரையே கைகாட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கிடைக்காவிட்டால், எழுதியவர் இந்தக் கொட்டகை நாடகக் குழுவின் தலைவர் இவாகோரோ என்று அருங்காட்சியகப் பட்டியலில் அச்சாகிவிடும். இவாகோரோ தொமியேயின் மாமனார்.

"அவரா எழுதினாரு?" தொமியே சிரித்துவிட்டாள். "அவருக்குக் கையெழுத்துப் போடவே வராதும்மா."

"அப்ப யாரு?"

தொமியே குரலைத் தாழ்த்தினாள். "திரைக்குப் பின்னால உக்காந்து நடிகருங்களுக்கு வசனம் எடுத்துக்குடுக்க ஒருத்தர் இருந்தாராம். எழுதினதும் அவர்தானாம். தானே எழுதினதா காட்டிக்க, மாமனார்தான் பேர வெட்டி எடுத்தாரு. அந்தாளு உக்காந்த இடத்துலயே செத்துக்கிடந்தாராம்."

"அவர் பேரு?"

"தெரியாது. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது."

ரித்சுகோவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மேடையில் எங்காவது தன் பெயரை எழுதி வைத்திருப்பாரோ என்று கொட்டகையின் பின்கட்டுக்குப் போனாள்.

பகலிலும் அங்கே இருட்டு. ஊறிப்போன பாயின் நாற்றம். கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தூண், பலகை, திரைக்கட்டை எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அலுத்துப்போய் மேடையில் உட்கார்ந்து, பிரதியைப் பிரித்து வாய்விட்டுப் படித்தாள்.

"பனி விழுமுன் நான்..."

அடுத்த சொல்லைப் பூச்சி அரித்திருந்தது.

"திரும்பிவிடுவேன்."

முதுகுக்குப் பின்னாலிருந்து, மிக மெல்லிய குரல்.

யாருமில்லை. இன்னொரு வரியைப் படித்தாள். அரித்த இடம் வந்தது.

குரலும் வந்தது.

பயத்தை மீறி அவளுக்குக் கோபம் பொங்கியது. "இவ்வளவும் ஞாபகமிருக்கில்ல? உங்க பேரச் சொல்லித் தொலைங்களேன்!"

டார்ச்சை இருட்டுக்குள் திருப்பினாள்.

பிறகு, காதுக்கருகே, கத்தி தாளை அறுக்கும் சத்தம்.

குடையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அருங்காட்சியக இயக்குநரையும் சேர்த்து ஐந்து பேர் அவள் எதிரே இருந்தார்கள். இவாகோரோ எழுதவில்லை என்று ரித்சுகோ சொன்னாள்.

"ஆதாரம்?" இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "சலூன்காரம்மா சொன்னதா? சரி, எழுதினது யாரு? அதையாவது சொல்லுங்க."

"எழுதினவர் பேரு..."

நிறுத்திவிட்டாள். பூச்சி அரித்த வரிபோல வாக்கியம் பாதியில் நின்றது.

இயக்குநர் விருட்டென்று பின்னால் திரும்பினார். பக்கத்தில் இருந்தவரும். அடுத்தவரும்.

"யாரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது?" என்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

ரித்சுகோவுக்கு மட்டும் எதுவுமே கேட்கவில்லை.