திரும்பாத கழுத்து

கொட்டும் மழையில் அவன் ஓடிவந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். மாதக்கணக்காக அது அவளால் முடியாத காரியம். பேருந்து ஓட்டுகிறவளுக்குக் கண்ணாடி போதாதா என்று சமாளித்துக்கொண்டிருந்தாள். பொத்தானை அழுத்தினாள், கதவு அவன் முகத்துக்கு நேராக மூடிக்கொண்டது. கிளம்பிய பிறகுதான் கண்ணாடியில் தெரிந்தான்... நனைந்த சட்டை, பெரிய கண்கள். கோபத்தில்கூட அந்தக் கண்கள் நன்றாகத்தான் இருந்தன.

அன்று மாலை, எலும்பையும் தசையையும் கையாலேயே நீவிச் சரிசெய்யும் வைத்தியம் என்று சொல்லி அக்கா கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்த ஆஸ்டியோபதி நிலையத்தில், கையைத் துடைத்தபடி எதிரே வந்து நின்றவன் அவனேதான்.

"காலையில கதவை மூடினவங்க நீங்கதானே?"

"நேரத்துக்கு வராதவங்க நீங்கதானே?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். நிற்கச் சொன்னான், குனியச் சொன்னான், மூச்சை இழுத்து விடச் சொன்னான். படுக்கவைத்து, நேராக அவளுடைய இடது கணுக்காலுக்குப் போய்விட்டான்.

"வலி மேல இருக்கு... நீங்க கீழ தேடுறீங்க."

"கழுத்து மட்டும் தனியா வந்திருந்தா கழுத்தை மட்டும் பார்த்திருப்பேன். முழு ஆளா வந்திருக்கீங்களே."

எப்போதோ சுளுக்கி, சரியாக ஆறாத கணுக்கால் அது. கிளட்சை மிதிக்க அது வளைந்துகொடுக்காததால் இடுப்பு ஏறியது, முதுகு ஈடுகொடுத்தது, பாரம் கடைசியில் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. அவன் சொன்னதைக் கேட்டு, தன் உடம்பின் மேலேயே அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

வாராவாரம் போனாள். கணுக்கால், இடுப்பு, விலா, தோள் என்று ஒவ்வொன்றாக இளகின. கூடவே அவளும் இளகினாள். வலி இல்லாத இடங்களைக்கூட வலிக்கிறது என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

கழுத்து ஏறக்குறையச் சரியான நாளில் அவன் முகம் பார்க்காமல் கை கழுவிக்கொண்டே, அடுத்த வாரத்திலிருந்து இங்குள்ள வைத்தியர் அம்மா ஒருவர் உங்களைப் பார்ப்பார் என்றான். ஏன் என்று கேட்க அவளுடைய ரோஷம் விடவில்லை. அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை.

"கழுத்து சரியாயிட்டவ ஏன்டி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே?" என்றாள் அக்கா.

அவன் தினமும் அவள் பேருந்தில்தான் ஏறினான். அவள் நேரே பார்த்து ஓட்டினாள். முன்பு திரும்ப முடியவில்லை, இப்போது திரும்பவில்லை.

மறுபடியும் மழை, இந்த முறை மாலையில். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கதவை மூடிய பிறகுதான், அவன் மட்டும் இறங்காமல் நிற்பது கண்ணாடியில் தெரிந்தது.

"உங்களைப் பிடிக்காம அனுப்பலை," என்றான் மெல்ல. "பிடிச்சதாலதான் அனுப்பினேன். வைத்தியம் பண்ற கையில ஆசை இருக்கக் கூடாது... எனக்கு வந்துடுச்சு. இப்ப நான் வெறும் பயணி. அதான் சொல்றேன்."

அவள் வைப்பரை நிறுத்தினாள்.

"பயணின்னா கடைசி நிறுத்தத்துல இறங்கணும்," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுக் கதவருகே வந்து காத்து நின்றான். அவள் விரல் பொத்தான்வரை போயிற்று. அழுத்தவில்லை. கண்ணாடியை விட்டுவிட்டு, இடப்பக்கம், முழுசாக, வலியே இல்லாமல் திரும்பினாள். முதல் நாளே திரும்பிப் பார்த்திருக்க வேண்டிய கண்கள்... இன்று அவையும் நனைந்து நின்றன.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள். "இனிமே மழையில ஓடி வராதீங்க. திரும்பிப் பார்த்துட்டுதான் கதவை மூடுவேன்."