மாரெனுக்கு முன்னால் ஒரு சோற்று மலை

வான் ஒழுங்கைக்குள் திரும்பியபோது, கடல் பக்கமிருந்து வந்த வெளிச்சம் அதன் கண்ணாடியில் வழிந்தது. கதவு திறந்தது. ஐந்து பெண்களும் ஒரு சிறுமியும் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல இறங்கினார்கள்.

நஸ்லின் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அவர்கள் நோர்வேயிலிருந்து வந்த தொண்டர்கள். கல்முனையில் ஒரு தேவாலயத்தின் பாலர் பாடசாலைக்கு வர்ணம் பூச வந்திருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றி வந்தவர் நஸ்லினின் வாப்பா. "நம்மட ஊட்ட சாப்பிட்டுத்தான் சேர்ச்சுக்குப் போகணும்" என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

சிறுமியின் பெயர் மாரென். அறுவடை முடிந்த வயலின் நிறத்தில் தலைமுடி. மதிலில் இருந்த காகத்தைப் பார்த்தாள். படலையில் நின்ற மாட்டைப் பார்த்தாள். இதெல்லாம் கனவா என்று கேட்பது போல நஸ்லினையும் பார்த்தாள்.

நஸ்லினுக்கும் அப்படித்தான் இருந்தது. பனி பெய்யும் ஊரிலிருந்து வந்தவள் எங்கள் பாயில் உட்காரப் போகிறாளே.

"உறைப்புப் போடல்ல மகள்" என்றாள் உம்மா, குசினிக்குள் இருந்து. "கொச்சிக்காயையே இண்டைக்கு மறந்துட்டன்."

விருந்தினர்கள் கை கழுவிவிட்டு, சுவரோரம் நீளமாக விரித்த பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மொழிபெயர்க்க வந்த பாலர் பாடசாலை ஆசிரியை துசாந்தினிக்கு அந்த நேரம் பார்த்து ஒரு தொலைபேசி அழைப்பு. அவள் ஒழுங்கைக்குப் போனாள்.

உம்மா சஹனைக் கொண்டு வந்தாள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு அது. மஞ்சள் சோறு மலை போலக் குவிந்திருந்தது. மேலே கோழி, முட்டை, கத்தரிக்காய். பாயின் ஓரத்தில், மாரெனுக்கு முன்னால் அதை வைத்தாள்.

யாரும் கிட்ட வரவில்லை. எல்லாரும் சிரித்தபடி இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

மாரென் மட்டும் சாப்பிடத் தொடங்கினாள். வேகமாக, மூச்சு விடாமல், பிடி பிடியாக.

"மத்தவங்க ஏன் வாறாங்க இல்ல?" உம்மாவின் முகம் வாடியது. "நம்மட சாப்பாடு புடிக்கல்லயோ? விடியத்துல இருந்து அடுப்படியில நிண்டன்."

நஸ்லின் உற்றுப் பார்த்தாள். மாரெனின் கன்னங்கள் உப்பியிருந்தன. கண்களில் தண்ணீர் முட்டியது. பக்கத்தில் இருந்த பெண், அவளுடைய அம்மா, ஏதோ மெதுவாகச் சொன்னாள். மற்றப் பெண்கள் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதற்காகப் பார்க்கிறார்கள்?

தங்களுடைய சஹனுக்காக.

நஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. மாரெனின் கண்களைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள்.

"உம்மா, அந்தப் புள்ள இது முழுக்கத் தனக்கெண்டு நினைக்கிது."

"அல்லாஹ்வே. ஆறு பேருட சோறுகா அது."

நஸ்லின் கையைக் கழுவினாள். சஹனைப் பாயின் நடுவுக்கு இழுத்தாள். வயலுக்கு வரம்பு கட்டுவது போலச் சோற்றில் விரலால் கோடு போட்டாள். ஒரு சின்னத் துண்டைக் காட்டி, "யூ" என்றாள். பக்கத்துத் துண்டைக் காட்டி, "மீ." பிறகு மாரெனின் அம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டு, அவளுக்கும் ஒரு வரம்பு கட்டினாள்.

மாரென் விட்ட பெருமூச்சு குசினி வரைக்கும் கேட்டது.

எல்லாரும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். முழங்கால்கள் இடித்தன. ஒருத்தி சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள். உம்மாவின் முகம் மலர்ந்தது.

திரும்பி வந்த துசாந்தினி, மாரென் சொன்னதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"விருந்துக்குப் போனா ஒரு சோறும் மிச்சம் வைக்கக் கூடாது, வீட்டுக்காரருக்கு மனசு நோகும் எண்டு வாறதுக்கு முதல் இவங்களுக்குச் சொல்லியிருக்கு. இஞ்ச பிள்ளைகள் எல்லாம் இவ்வளவு சாப்பிடுவாங்களாக்கும் எண்டு நினைச்சாவாம்."

"நஸ்லினப் பார்த்தா அப்பிடியா தெரியிது எண்டு கேளுங்க" என்றாள் உம்மா. நஸ்லினின் கை ஈர்க்கில் போல இருக்கும்.

பின்னேரம், பெட்டிகளை இறக்க வாப்பாவுடன் நஸ்லினும் பாலர் பாடசாலைக்குப் போனாள். அங்கே விருந்தினர்களுக்குத் தேநீரும், ஆளுக்கொரு தட்டில் சீனி தூவிய பணிஸ் ரொட்டியும் வைத்திருந்தார்கள். நஸ்லினுக்கு யாரும் தட்டு வைக்கவில்லை. அவள் வாசலில் நின்று கடற்காற்றில் ஆடும் தென்னைகளைப் பார்த்தாள்.

யாரோ சட்டையை இழுத்தார்கள். மாரென்.

அவள் தன் தட்டை வாசற்படியில் வைத்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். பணிஸின் சீனியில் விரலால் ஒரு வரம்பு போட்டாள்.

"யூ" என்றாள். "மீ" என்றாள்.

வரம்பு கொஞ்சம் கோணல். பெரிய பக்கம் நஸ்லினுடையது.